நூறு வருஷத்துக்கு முந்தைய சமையலறை

மார்ச் 3

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நலம். பிரிந்து மூன்று வருஷமானாலும் இந்தப் பெயரால் கூப்பிடும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நான் எழுதும் டி.வி. தொடரைப் பார்க்கிறாயா? நூறு வருஷத்துக்கு முன் புருஷனே கதியென்று கிடந்த பெண்களின் கதை. ஊரே அழுகிறது. கடைசிப் பகுதியில் பெரிய வீட்டு மருமகள் புருஷனை விட்டுப் போகிறாள். என்ன பேசிவிட்டுப் போவாள் என்று பத்து நாளாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். நீ அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாய். பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நாலு வரி எழுதி அனுப்பேன்.

முடிந்தால் நீயும் வந்துவிடு. வீடு வீடாக இல்லை.

உன்னவன்


மார்ச் 9

தொடர் எழுதுகிறவருக்கு,

பார்த்தேன். நான் திரும்பவும் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள் முறிந்த கையை மறந்துவிட்டு அதைப் பார்த்து மூக்கைச் சிந்துகிறார்கள். எனக்கு வயிறுதான் எரிந்தது.

“சோறு போடுறீங்கங்கறதுக்காக, மூச்சையும் உங்களைக் கேட்டுத்தான் விடணுமா?” என்கிறாளே அந்த மருமகள், அது எந்தக் காலத்தில் எவள் கேட்டது? நான் கேட்டது. ஐந்து வருஷத்துக்கு முன், நம் சமையலறையில். என் ராஜினாமாவை நீங்களே தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியும் போட்டு நீட்டினீர்களே, அன்றைக்கு. பட்டுச் சேலை கட்டி கையில் விளக்கைக் கொடுத்துவிட்டால் பழைய காலமாகிவிடுமா?

தொடரில் அதைக் கேட்டதும் புருஷன் அவள் காலில் விழுகிறான். நீங்கள் “சாப்பாட்டுல உப்பு கம்மி” என்றீர்கள்.

உங்களை விட்டு வந்து வாடகைக்கு வீடு கேட்டேன். ஏழு இடத்தில் “வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். அந்தக் காலமாம், அந்தக் காலம்!

நான் பேசாமல் போனேனா? எட்டு வருஷம் பேசினேன். நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

காலில் எல்லாம் விழ வேண்டாம். ‘தப்புதான்’ என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். வருவதைப் பற்றி அப்புறம் யோசிக்கிறேன்.

எக்ஸ்ரேக்காரி


மார்ச் 14

குட்டிம்மா,

கோபத்தில்கூட எவ்வளவு அழகாக எழுதுகிறாய்! ‘நான் பேசாமல் போனேனா? எட்டு வருஷம் பேசினேன்.’ அப்படியே வசனத்தில் வைத்துவிட்டேன். டைரக்டர் கைதட்டினார். வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு.

நீ கேட்டதை நேரில் பேசிக்கொள்ளலாம். அதற்குள், வாசலில் நின்று அவள் சொல்ல இன்னும் ஒரே ஒரு வரி வேண்டும். அவசரம்.

உன்னவன்


மார்ச் 17

ஐயா,

நீங்கள் கேட்டது ஒரு வரி. நான் கேட்டதும் ஒரு வரிதான்.

அவள் வாசலில் நிற்க மாட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். அவள் பேசியதெல்லாம் உங்களிடம் இருக்கிறது, எடுத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் விவாகரத்து மனு இருக்கிறது. நானே தட்டச்சு செய்தேன். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன்.

எக்ஸ்ரேக்காரி