கம்பத்து விளக்கு

செவ்வாய் நிலையம். நாள் 212, காலை 7.10

காற்று சரி. உள்ளே சூடு பதினெட்டு. கீரைத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டாயிற்று.

தினமும் இதை என் வீட்டுக்காரர் சுடலைமணி எழுதுவார். புழுதிப்புயல் வருகிறதென்று சூரியத் தகடுகளை மடக்க மூன்று நாள் முன்பு வெளியே போனார். விரிப்பதற்கு உள்ளே பொத்தான் உண்டு, மடக்குவது மட்டும் கையால்தான். மடக்கி முடித்தார். உடுப்பு கிழிந்து வெளியே விளக்குக் கம்பத்தடியிலேயே இறந்துவிட்டார். வெளியே போகும் உடுப்பு அது ஒன்றுதான். இன்னொன்று பழுது பார்க்கக் கப்பலில் பூமிக்குப் போயிற்று. அவரை உள்ளே கொண்டுவர எனக்கு வழியில்லை.

நான் பேச்சித்தாய். சமையலுக்கு வந்தவள், ஐந்தாவது வரை படித்தேன். இனி நான் எழுதுகிறேன்.

நாள் 214, மதியம் 1.30

மத்தியானமே இருட்டு. பூமியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஜெபசிங் தம்பி பேசினான்.

"மதினி, சாப்ட்டியளா? ஒங்க புளிக்குழம்பச் சொல்லிச் சொல்லியே அண்ணாச்சி எனக்குப் பசியக் கெளப்பி விட்டுருவாரு. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. சூரியன் நாளைக்கும் வரும், எவ்வளவு எடுத்தாலும் கொறையாது. மஞ்சள் டப்பா, அந்த அவசர பேட்டரி, அதுல உள்ள கரண்டு அப்படி இல்ல. எடுத்தா எடுத்ததுதான், திரும்ப ஏத்த முடியாது. சூட்டுக்கும் காத்துக்கும் மட்டும் எடுங்க. வேற எதுக்கும் கைய வச்சிராதிய."

சரி என்றேன். கம்பத்து விளக்கை அணைக்காமல் எரியவிட்டிருப்பதைச் சொல்லவில்லை. செத்தவர் தலைமாட்டில் பதினாறு நாள் விளக்கு அணையக் கூடாது. இங்கே எண்ணெய் விளக்குக்கு வழி ஏது. ஒரு பல்பு எவ்வளவு குடித்துவிடப் போகிறது.

நாள் 221, இரவு

சூடு ஒன்பது. டப்பாவின் முள் சிவப்பில் நிற்கிறது. கீரை கருகிவிட்டது. இரண்டு தடவை கம்பத்து விளக்கின் சுவிட்சில் கை வைத்தேன். அணைத்தால் புழுதிக்குள் அவர் கிடக்கும் இடம் தெரியாமல் போய்விடும். பயமாக இருக்கிறது. ஆனாலும் அவர் இருட்டில் தூங்க மாட்டார்.

நாள் 224, காலை 6.50

இன்று பதினாறாம் நாள். புயல் நின்றுவிட்டது. தரையெல்லாம் வெயில். ஓடிப்போய்த் தகடு விரிக்கும் பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. ஜெபசிங்குக்குச் சொல்லி அனுப்பினேன்.

"மதினி, அது விரியிறதுக்கு மோட்டார் ஓடணும். டப்பாவுல துளி இருந்தா போதும், ரெண்டே நிமிசம். விரிஞ்சிட்டா சூரியன் பாத்துக்கிடும். முள்ளு எங்க நிக்கி, மதினி?"

அடியில் நிற்கிறது. விளக்கைப் பற்றிச் சொன்னேன். அவன் பதில் வந்து சேர இருபது நிமிஷம் ஆகும்.

பதில் வரவில்லை. அதற்குள் கரண்டு இல்லாமல் ரேடியோ அணைந்துவிட்டது.

நேரம் தெரியவில்லை, கடிகாரம் நின்றுவிட்டது

விளக்கும் அணைந்துவிட்டது. அவர் கிடக்கும் இடம் மேடாகத் தெரிகிறது. ஒரு ஊருக்கே போதுமான வெயில் வெளியே. ஜன்னல் வழியாக என் கையிலும் விழுகிறது. சுடவில்லை. விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

இதைப் படிக்கிறவர்களே, டப்பாவில் எப்போதும் கொஞ்சம் மிச்சம்