இடக்கையில் கட்டை, வலக்கையில் இரும்பு

மழையில் ஊறிய கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதென்று, பரணில் கிடந்த நம் டம்பெல்லை எடுத்து முட்டுக் கொடுத்தேன். உள்ளங்கையில் துரு ஒட்டியது. அந்த வாசனை என்னை நேராக ரயில்வே டாக்டரின் அறையில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஒக்கலிபுரத்துச் செம்மண் கோதாவில் வளர்ந்த நீ, கர்லாக்கட்டை சுற்றினால்தான் பலம் என்பாய். லண்டனில் அச்சான உடற்பயிற்சிப் புத்தகம் ஒன்றை முழுவதும் படித்திருந்த நான், டம்பெல் தூக்கினால்தான் சதை ஏறும் என்பேன். புத்தகத்தைத் தவிர வேறெதையும் தூக்கியதில்லை. ஆகவே என் கருத்து உறுதியாக இருந்தது.

"சும்னே பேசாதேடா. பார்த்துடலாம்" என்றாய், கன்னடம் கலந்து. இடக்கைக்குக் கட்டை மட்டும், வலக்கைக்கு என் இரும்பு மட்டும். தன் உடம்பையே இரண்டு கட்சியாகப் பிரித்த ஆள் உன்னைத் தவிர வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் சட்டைக்கு டெய்லர் இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுத்துவிட்டு, உன் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நீ சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட வேலை. வயது வரம்பால் அதுவே உனக்குக் கடைசி வாய்ப்பு. துணைக்கு வந்த நான் டாக்டரின் கதவோரம் நின்றேன்.

சட்டையைக் கழற்றச் சொன்ன டாக்டர், இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டவைத்துப் பார்த்தார்.

"இடது கை எத்தனை நாளா சூம்பிப்போயிருக்கு?"

"சூம்பலீங்க ஐயா. இதுதான் பலமான கை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." பேனாவைத் திறந்தார்.

அவர் கேட்காமலே குனிந்து, அங்கிருந்த காலி நாற்காலியின் ஒரு காலை அடியில் பிடித்து, இடக்கையால் தூக்கி நிறுத்தினாய். அது ஆடவில்லை.

"இறக்கு. இப்ப அந்தக் கையால."

வலக்கை பாதி உயரத்திலேயே நடுங்கியது. டாக்டர் அதை அமுக்கிப் பார்த்தார். "அப்ப வீக்கம் இதுலதான். யானைக்கால் வியாதி கைக்கும் வரும், தெரியுமா?" பேனா காகிதத்தைத் தொட்டது.

என் கொள்கை உன் வேலையைத் தின்னப்போகிறது. உள்ளே ஓடினேன். "வியாதி இல்லீங்க, பந்தயம்!" கட்டை, இரும்பு, புத்தகம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

டாக்டர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வேலைக்கு மூளையைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு இல்ல. பொழைச்சே, போ" என்று கையெழுத்துப் போட்டார்.

ஒரே வருஷம் கரி அள்ளியதில் இரண்டு கையும் சமமாகிவிட்டன. பரிசோதனை பாழ். பார்க்கும்போதெல்லாம் "எதுடா ஜெயிச்சுது?" என்பாய். "இன்னும் ஆராய்ச்சி வேணும்" என்பேன்.

போன மாதம் உன்னைப் பெட்டியில் கிடத்தியபோது, கைகளை மார்பில் மடித்துவைக்க உன் வீட்டம்மா என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் இடக்கையை மேலே வைத்தேன்.

"வலக்கைதான் மேல வரணும்" என்றார் கோயில் உபதேசியார்.

"இவனுக்கு இதுதான் ஜெயிச்ச கை" என்றேன்.

எனக்குப் புத்தகம் தூக்கித்தான் பழக்கம். உன் கை கனத்தது. இன்னும் இறக்கிவைக்கவில்லை.