எமிலின் இடது கால்

1958 ஜூன் 3
நான் கிறிஸ்தவ வேதத்தில் சேரப்போவதாகச் சிவகாசியில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. எனக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதுகிறவன் பாதிரியார் அல்ல; எமில், லக்ஸம்பர்க் தேசத்துக் கால்பந்து ஆட்டக்காரன். கான்வென்டில் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த சிஸ்டரின் தம்பி பேரன். இரும்பு ஆலை அணியில் தொடங்கித் தேசத்தின் அணிவரை வந்துவிட்டான். எல்லாக் கோலும் இடது காலால். ஒன்பது வருடமாக ஒன்றுவிடாமல் எழுதுகிறான்.

விருதுநகரிலிருந்து மதுரை போய்த் திரும்புவதற்குள் தீர்ந்துவிடும் தேசம். பனியில் ஆடுவார்களாம். மத்தியானம் கண்ணை மூடினால் வெள்ளை மைதானம். அதில் ஒருவன் மட்டும் ஓடுகிறான், சத்தமே இல்லாமல்.

ஜூன் 19
எங்கள் கம்பெனியின் புது வெடிக்கு எமில் படம் போட்ட லேபிள். அவன் சம்மதம் எப்போதோ வந்துவிட்டது. இன்று முதல் தாள் வந்தது.

வலது காலால் உதைக்கிறான்!

அச்சுக்கல்லில் இடவலம் மாற்றி வரைய வேண்டும். ஓவியர் சோலைச்சாமி போட்டோவை அப்படியே வரைந்துவிட்டார்.

"வெடி வாங்குறவுக காலையாம்மா பாக்கப் போறாக?"

"நான் பாக்கேன்ல? நிறுத்துங்க."

மகன் அய்யாதுரைக்குக் கோபம். "சீசன் ஆர்டரும்மா! ஒரு காலுக்காக லோடு நிக்கணுமா?"

நிற்கட்டும்.

ஜூன் 20
வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. சாம்பாரில் உப்புமில்லை.

ஜூலை 8
எமிலின் தாயார் எழுதியிருக்கிறார். மே மாத ஆட்டத்தில் அவனுடைய இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. இனி ஆட்டமில்லை என்கிறார்களாம் டாக்டர்கள்.

அடியில் அவன் கையெழுத்தில் ஒரு வரி: "சுவரில் வலது காலால் உதைத்துப் பழகுகிறேன். சிரிக்காதீர்கள்."

யாருப்பா சிரிக்கா? — நான் ஏன் அழுறேன்? அவன நேர்ல பாத்ததுகூட இல்லியே.

வெம்பக்கோட்டைப் பக்கம் மேகம் இறங்கி, அறையெல்லாம் மங்கல் வெளிச்சம். எங்கோ சுவரில் பந்து மோதுகிறது. தப் — தப் — நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 9
"இப்ப அந்த லேபிளே சரியாப் போச்சேம்மா" என்றார் சோலைச்சாமி.

சரியாகவில்லை. வலது காலை அச்சிட்டால் டாக்டர்களின் தீர்ப்பை நானும் ஒப்புக்கொண்டதாகும். இடது காலை அச்சிட்டால் அவனைக் குத்திக்காட்டுவதாகும். எதைச் செய்ய?

ஜூலை 11
அய்யாதுரை பழைய மயில் லேபிளிலேயே சரக்கை அனுப்பிவிட்டான். "அவரே சொல்லட்டும்மா. எழுதுங்க, நானே தபால்ல போட்டுட்டு வாரேன்" என்று பேனாவுக்கு மை நிரப்பிக் கொடுத்தான்.

எழுதியது இவ்வளவே:

"எமில், உன்னை எந்தக் காலோடு அச்சிட வேண்டும்? உன் விடை வரும்வரை அச்சு நிற்கும். உன் கையாலேயே பதில் எழுது."