பக்கம் புரட்டிய கை

என்னவளுக்கு,

நீ மகள் வீட்டுக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான்.

நேற்று நம் ஊர் ஆர்கெஸ்ட்ரா ஆஸ்பத்திரி ஹாலில் வாசித்தது. நோயாளிகள் சக்கர நாற்காலிகளில் வந்து கேட்டார்கள். இசைக்குறிப்பில் ஒரு பக்கம் முடிந்ததும், பழக்கதோஷத்தில், உன் கை புரட்டும் என்று வயலினோடு காத்திருந்தேன்.

"என்ன சார், வீட்டம்மா இல்லாம கையே ஓடலையா?" என்றார் செல்லோ வாசிக்கும் தபால்காரர்.

"மக வீட்டுக்குத்தானே போயிருக்கா" என்றேன்.

அப்புறம் நானே புரட்டினேன். புரட்டும்போதெல்லாம் என் வாசிப்பு நின்றுபோனது. இருபது வருடம் ஒரே ஸ்டாண்டில் இருந்த குறிப்பைப் பார்த்து இருவரும் வயலின் வாசித்தோம். நான் நிறுத்தாமல் வாசிக்க, ஒவ்வொரு பக்கத்தையும் புரட்ட நீதான் உன் வாசிப்பை நிறுத்தியிருக்கிறாய். நேற்றுதான் உறைத்தது.

பக்கம் புரட்டுகிறவர் உட்காரும் உன் நாற்காலிக்கு நான் மாறிவிட்டேன். என்னுடையது நீ வந்து உட்காரக் காலியாக இருக்கிறது. இனிமேல் நான் புரட்டுகிறேன்.

உன் பக்கத்து நாற்காலிக்காரன்