நாற்பது நிமிடத்தில் பதினோரு நாள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். போன வாரம் லாரி இடித்தது என்று இன்சூரன்ஸ் கேட்டு அனுப்பிய கார்ப் படம், போன வருடம் எடுத்தது. படத்தின் விவரப் பக்கத்தைத் திறந்தால் எடுத்த தேதி, மணி, எந்த போன், எல்லாம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். "உன் கண்ல யாரும் மண்ணைத் தூவ முடியாதும்மா" என்றார் மேனேஜர். பெருமையாகத்தான் இருந்தது.

அப்பாவின் இன்றைய படமும் வந்துவிட்டது. முதியோர் இல்லத்துக்காரர்கள் தினமும் காலை பத்து மணிக்குத் தங்கள் இணையதளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நீலச் சட்டை, ஜன்னலோர நாற்காலி, சிரிப்பு. இதயம் போட்டேன். வெளிநாட்டிலிருந்து அண்ணனும் போட்டிருந்தான்.

மார்ச் 6, வெள்ளி

ஞாயிறு கட்டாயம் போய் அப்பாவைப் பார்க்க வேண்டும். ஏழு வாரம் ஆகிறது.

மார்ச் 8, ஞாயிறு

போகவில்லை. தலைவலி.

தலைவலியா? மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினால் "நீங்க யாரும்மா?" என்று கேட்கிறார். அதைக் கேட்கத் தெம்பில்லை. இன்று வெள்ளைச் சட்டை. நன்றாகத்தானே இருக்கிறார்.

மார்ச் 10, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

நேற்று வந்த அப்பா படத்தை அலுவலகக் கணினியின் முகப்புத் திரையில் வைக்கலாம் என்று சேமித்திருந்தேன். இன்று மதியம் கார்ப் படங்களை மொத்தமாக வாரிச் சோதனைக்குப் போட்டபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. எல்லாம் இந்த மாத விபத்துகள்; அதற்கு முன் எடுத்த படம் என்றால் சிவப்பு விழும். ஒன்று விழுந்தது. யாருடா அடுத்த கில்லாடி என்று திறந்தேன். அப்பா.

நேற்று ஏற்றிய படம். எடுத்தது பிப்ரவரி 27.

ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். கடைசிப் பதினோரு நாளும் வந்த பதினோரு படமும் அதே பிப்ரவரி 27. முதல் படம் பத்து மணி பன்னிரண்டு நிமிடம். கடைசிப் படம் பத்து ஐம்பத்திரண்டு. நாலு சட்டை. மாத்தி மாத்திப் போட்டு, சிரிங்க தாத்தா, சிரிங்கன்னு... பாவிங்களா! அப்போ பதினோரு நாளா அப்பா எங்கே? இருக்காரா?

போன் செய்தேன். "நல்லா இருக்காரும்மா, தூங்குறாரு" என்றார் வார்டன்.

"இப்பவே ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடும்மா."

மார்ச் 11, புதன்

முதல் பஸ்ஸில் போனேன். உயிரோடு இருக்கிறார். ஜன்னலோர நாற்காலியில் அல்ல, உள்ளறைக் கட்டிலில், சட்டையே இல்லாமல். திருப்பிப் படுக்க வைத்தேன். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். நாற்றம். பிப்ரவரி 28 அன்று விழுந்தவர், அதற்குப் பிறகு எழுந்து உட்காரவில்லையாம்.

அங்கே வேலை செய்யும் பெண்ணை அறைந்துவிடுவேன் என்றுதான் நெருங்கினேன். அவள் அழவில்லை, பூசி மெழுகவும் இல்லை.

"முப்பது பேருக்கு நாங்க ரெண்டே பேரு அக்கா. தினமும் எல்லாரையும் எழுப்பி உக்கார வச்சுப் படம் எடுத்தா, சோறு யாரு ஊட்டுறது? அதான் மாசத்துல மூணு நாள் உக்காந்து மொத்தமா எடுத்து வச்சுக்குவோம். படம் லேட்டானா உடனே போன் வருது. நீங்களே மூணு தடவை பண்ணியிருக்கீங்க. படம் எங்கேன்னுதான் கேட்டீங்க."

கை இறங்கிவிட்டது.

மார்ச் 12, வியாழன்

ஆஸ்பத்திரி. அப்பாவின் எடை முப்பத்தொன்பது கிலோ.

மார்ச் 14, சனி

அண்ணன் போனில் கத்தினான். "படத்துல நல்லாத்தானேடி இருந்தாரு!" ஊரான் வீட்டுக் கார் ஒவ்வொன்றையும் நோண்டிப் பார்த்தவள், பெற்ற அப்பனின் படத்தை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. சந்தேகம் வராததால் அல்ல. உண்மை தெரிந்துவிட்டால் நேரில் போக வேண்டியிருக்கும். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

அப்பா என் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். புண் இன்னும் ஆறவில்லை. பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. இன்று முதல் முறையாகத் தலையணை முட்டுக்கொடுத்து அரை மணி உட்கார்ந்தார். அண்ணனுக்கு அனுப்பலாம் என்று போனைத் தூக்கினேன்.

போனைப் பார்த்ததும் சிரித்தார். படங்களில் இருந்த அதே சிரிப்பு. உடனே சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். விரல் ஒத்துழைக்கவில்லை. விட்டுவிட்டு இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினார், அடுத்த சட்டைக்கு.

"வேணாம்ப்பா. இதுவே இருக்கட்டும்."

கேட்டதாகவே தெரியவில்லை. போனை அடுக்களையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்த பிறகும், கையை நீட்டியபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.