மொனிட்டர் எந்த வார்டுக்கு?

ஜனவரி 6, திங்கள்

விடிய முதலே மழை. ஆஸ்பத்திரி வாசலில் கணுக்கால் தண்ணி. குடை பஸ்ஸோடு போச்சு.

கொள்வனவுக் கூட்டம். நோயாளியின் மூச்சு, துடிப்பு காட்டும் மொனிட்டர்கள் வாங்க இந்த வருஷம் அனுமதி. வழமை போல கட்டில் கணக்குப்படி வார்டுகளுக்குப் பிரிப்பமாம். என்னையறியாமல் எழும்பிட்டேன்.

"கட்டிலுக்கு நோய் வருத்தம் இல்லையே சேர். அதில கிடக்கிற ஆளுக்குத்தானே. யாருக்கு எவ்வளவு கடும் என்டு பார்த்துப் பிரிப்பம்."

ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் பேனையைக் கீழே வைத்தார். "சரி. எல்லா வார்டும் ஒரே மாதிரிக் கணக்கெடுங்க. வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க."

 சந்தோஷம் தாங்கல்ல. நான் டொக்டரா இருக்கிற எங்கட பொது மருத்துவ வார்டுதான் முதல் வரும். எனக்குத் தெரியும்.

7, செவ்வாய்

தூறல். வார்டுப் பொறுப்பு ரஜனி சிஸ்டரும் நானும் கட்டில் கட்டிலாக. மூச்சு, பிரஷர், நினைவு, ஒட்சிசன் வேணுமா. பார்த்து: கடும், நடு, லேசு. சத்தம் போடுறது கணக்கில் இல்லை.

நிந்தவூரிலிருந்து வயசான உம்மா ஒருவர். சீனி வருத்தம், அந்த நீரிழிவால கால் புண். நாங்க சொன்ன 'லேசு' காதில் விழுந்துட்டு.

"யாருக்குப் புள்ள லேசு? ராவெல்லாம் கண் மூடல்ல நான். கடும் என்டு எழுதுங்க."

சிஸ்டர்: "லேசெண்டா கெதியா வீட்ட போகலாம் உம்மா."

"அப்ப லேசாவே இரிக்கட்டும்."

வார்டே சிரிப்பு.

8, புதன்

மழை விட்டுது. பாண் வாங்கணும்.

அட்டாளைச்சேனை விவசாயி. நடந்தே வந்தவர். சிரிச்சுக் கதைக்கிறார். "காய்ச்சல்தான் டொக்டர். வயலுக்குப் போகோணும்." முகத்தைப் பார்த்து லேசு என்று சொல்லப் போனேன். சிஸ்டர் மூச்சை எண்ணினா, சரியான வேகம். பிரஷர் ரொம்பக் குறைவு. கடும்! இருக்கிற ஒரே மொனிட்டர் அவருக்கு. சேலைன், ஊசி. பின்னேரம் பிரஷர் ஏறிட்டு, அல்ஹம்துலில்லாஹ்.

மனைவி: "நல்லாத்தானே கதைச்சிக்கிட்டிருந்தாரு?"

எனக்கும் அதே கேள்வி. சாமான் வாங்கத் தொடங்கின வேலை, ஆளைக் காப்பாத்துது!

9, வியாழன்

வெயில். எல்லா வார்டுக் கணக்கும் வந்தாச்சு.

எங்கட வார்டு: பெரும்பாலும் நடு, லேசு. சிறுவர் வார்டு: கடும், கடும், கடும். மூச்சுக்கு இழுக்கிற பிள்ளைகள். அங்கே ஒரு பழைய மொனிட்டர்தான், அதுவும் படம் வராது. திரும்பக் கூட்டிப் பார்த்தேன். மாறல்ல. தேத்தண்ணி ஆறிப் போச்சு.

சிஸ்டர் மெல்லமாக: "நடுவில கொஞ்சப் பேரைக் கடும் எண்டு போட்டா?"

போடலாமோ? உண்மையில் யோசிச்சேன்.

"வேணாம் டொக்டர்," அவவே சொன்னா.

10, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்கு முன் கூட்டம். அறுவைச் சிகிச்சை டொக்டர்: "யோசனை இவட. இவட வார்டுக்கு ஒண்டே ஒண்டு!" எல்லாரும் சிரிப்பு. நானும்.

"ஓம் சேர். மிச்சம் புள்ளைகளுக்குப் போகட்டும்."

பணிப்பாளர் கையெழுத்து வைச்சிட்டார். இனி மருந்து, ஒட்சிசன் வாங்கவும் இந்தப் பிரிப்புத்தானாம்! சிறுவர் வார்டு டொக்டர் நஸ்ரின் மேசைக்கு அடியால என் கையை நெரிச்ச நெரி. இன்னும் நோகுது.

வீட்டில் இவர்: "ஒங்கட வார்டுக்கு ஒண்டுதான் என்டா, என்னத்துக்கு இந்தத் துள்ளல்?"

அகப்பையோட விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அடுப்பில மீன் ஆணம் அடிப்பிடிச்சிட்டு.