பாதிரியார் கல்லைத் திரும்பவும் ஆமை ஓடையில் நட்டுத் தரக் கோரி

அனுப்புநர்
நெல்டா ஸ்ட்ரிக்லர்,
(காலஞ்சென்ற டாய்ல் ஸ்ட்ரிக்லரின் மனைவி)
ஓடைக்கரைச் சாலை, தரைப்பாலத்துக்கு மேற்கே முதல் வீடு,
க்ரெய்டன், மிசூரி.

பெறுநர்
உயர்திரு தலைமை ஆணையர் அவர்கள்,
ஹோல்கம் மாவட்ட ஆணையர் அலுவலகம்,
மிசூரி.

பொருள்: க்ரெய்டன் ஊர் மண்டபத்தின் முன் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டிருக்கும் பாதிரியார் கல்லை ஓடையில் பழைய இடத்திலேயே நடவும், அங்கே இப்போது நிற்கும் மாற்றுக் கல்லை உடனே அகற்றவும், என் கணவரின் மரணம் பற்றிய அறிக்கையைத் திருத்தவும் வேண்டுவது.

பார்வை: சென்ற மாதம் நான் கொடுத்த முதல் மனு; ‘கல் மாறிய விவரம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஆபத்து ஏதுமில்லை’ என்று தங்கள் அலுவலகம் அதற்கு அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவில் நான் எல்லாவற்றையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தாங்கள் அப்படிப் பதில் அனுப்பியிருக்க மாட்டீர்கள். அப்போது விட்டதை இதில் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. தாங்கள் மாவட்டத்தின் வடக்குப் பக்கத்தவர் என்று கேள்விப்பட்டேன். அதனால் எங்கள் ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். க்ரெய்டனை மூன்று பக்கமும் ஆமை ஓடை சுற்றிப் போகிறது. நாலாவது பக்கம் மலை. ஊர் உண்டானதே ஓடையைத் தாண்ட முடியாமல்தான். 1838-இல் ஏமஸ் க்ரெய்டன் என்பவர் மேற்கே போவதற்காக மாட்டு வண்டியில் வந்தார். வெள்ளம் வடியட்டும் என்று கரையில் காத்திருந்தார். வடிவதற்குள் அவர் மனைவி கரையில் அடுப்பு போட்டு, கோழிக்கூடு கட்டி, இனி ஓரடி நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவர்கள் காத்திருந்தபோது தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க அடையாளமாக வைத்துக்கொண்ட கல்தான் பாதிரியார் கல். தொப்பி வைத்த தலையும் கூனிய தோளுமாக, பிரசங்கம் செய்ய எழுந்தவர் போல் ஓடைக்கு நடுவில் நின்றதால் அந்தப் பெயர்.

2. ஓடைக்கு மேற்கே இருக்கும் வீடுகளுக்குத் தரைப்பாலம் ஒன்றே வழி. மலைமேல் மழை பெய்தால், எங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும். எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பாலத்துக்குச் சற்று மேலே நிற்கும் கல்லைப் பார்த்துத்தான் சொல்வோம். தோள் தெரிந்தால் வண்டி போகலாம். தலை மட்டும் தெரிந்தால் காத்திருக்க வேண்டும். அளவுகோல் கம்பமோ எச்சரிக்கைப் பலகையோ அங்கே வைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை. மழை நாளில் கிழக்கே மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள், ஏனென்றால் என் சமையலறை ஜன்னலிலிருந்து கல் தெரியும். ‘நெல்டா, பாதிரியார் எப்படி நிக்கிறாரு?’ என்பார்கள். எட்டிப் பார்த்துச் சொல்வேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இது என் வேலை.

3. இந்த ஆண்டு ஊருக்கு நூற்றைம்பது வயது. விழாக் குழுவின் தலைவி, மருந்துக் கடை நடத்தும் திருமதி மார்சீன் பவல். ஊரில் பேர் சொல்ல வாழ்ந்தவர்களை ஒரு பித்தளைப் பலகையில் எழுதி மண்டபத்தின் முன் வைப்பது என்று முடிவு செய்தார்கள். ஏமஸ் க்ரெய்டன், அவருக்குப் பிறகு, ஊரின் பாதிப் பேரைக் கையில் வாங்கிய மருத்துவச்சி ஓரா டில்மன், ஒரே ஒரு கோடைக்காலம் செயிண்ட் லூயிஸ் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசிய லெஸ்டர் பிரீடி. என் கணவரின் தாத்தா எஸ்ரா ஸ்ட்ரிக்லரின் பெயர் அதில் இல்லை. பெரிய வெள்ளத்தில் அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்தபடி, இடுப்பில் கயிறு கட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கரை சேர்த்தவர் அவர். மதுவிலக்குக் காலத்தில் சாராயமும் காய்ச்சியவர். தேவாலயத்துப் பெண்கள் இரண்டாவதை மறக்கவில்லை. ‘எங்க தாத்தா காய்ச்சினத குடிச்சவன் பேரெல்லாம் பலகையில வரும், காய்ச்சினவன் பேரு மட்டும் வராது’ என்று என் கணவர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அது அவருக்கு உறுத்தல் என்பது எனக்குத் தெரியும்.

4. ஆகஸ்டு கடைசியில் மார்சீன் என் வீட்டுக்கு வந்தார். கல் இருக்கும் இடம் எங்கள் நிலத்தில் சேர்ந்தது. ‘கல்லக் குடு நெல்டா, பலகைய அதுமேலேயே பதிச்சிடறோம். எஸ்ரா பேரயும் போட்டுடறேன். தேவாலயத்துல நான் பேசிக்கறேன்’ என்றார். என் கணவர் அப்போது மிசிசிப்பி ஆற்றில் இருந்தார். சரக்குத் தெப்பங்களைத் தள்ளிப்போகும் படகில் அவருக்குச் சமையல் வேலை. போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ‘கேட்டா அதுல என்னடி அதிசயம் இருக்கு? தெறப்பு விழாவுல திரைய விலக்கும்போது மனுஷன் வாயப் பொளக்க வேணாமா?’ என்றார். எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

5. கல் காணாமல் போனால் விழாவுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா. அதனால் டிராக்டர் வைத்திருக்கும் திரு. ஹப் லட்ரெல், கல்லுடைக்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய அதே சாயலில் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். பழையதைக் கரையிலிருந்தே சங்கிலி போட்டு இழுத்து, தார்ப்பாயில் சுற்றித் தன் கொட்டகைக்கு எடுத்துப் போனார். ‘பழைய பாதிரியாருக்கு டவுனுக்கு மாத்தல் ஆயிடுச்சு. புதுசா வந்தவரு கொஞ்சம் குள்ளம், பிரசங்கமும் சுருக்கமா இருக்கும்’ என்று சொல்லிச் சிரித்தார். நானும் மார்சீனும் சிரித்தோம். ஓடையின் நடுப் பள்ளத்துக்கு டிராக்டர் இறங்கவில்லை. ஆகவே புதுக் கல்லை எங்கள் கரையோரம், சரளை மேட்டின்மேல் நட்டார்கள். மேட்டின்மேல் நின்றதால் அதன் தோள் பழைய கல்லின் தோளைவிட நல்ல உயரத்தில் இருந்தது. நான் காபியும் கேக்கும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என் கண்ணுக்கு அந்த உயரம் தெரிந்தது. ‘பாக்க நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னேன். மழையே இல்லாத செப்டம்பர் அது. விழாவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதே என் நினைப்பாக இருந்தது.

6. விழாவுக்கு முந்தின வாரம் என் கணவர் ஊர் திரும்பினார். அன்று மத்தியானத்திலிருந்து மலைமேல் மழை. நெடுஞ்சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி, பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியிருந்த தன் டிரக்கை எடுத்துக்கொண்டு வந்து, தரைப்பாலத்தில் இறங்கியவர் கரை ஏறவில்லை. டிரக்கை மறுநாள் ஓடை வளைவில் எடுத்தார்கள். அவரை அதற்கும் கீழே, லட்ரெல் மேய்ச்சல் நிலத்து வேலியோரம் எடுத்தார்கள்.

7. ஷெரிப் அலுவலக அறிக்கையில், ‘யாரிடமும் விசாரிக்காமல், கவனக்குறைவாக வெள்ளத்தில் வண்டியை இறக்கினார்’ என்று இருக்கிறது. அது ஊர் வாயிலும் அப்படியே இருக்கிறது. முடிதிருத்தும் கடையில், ‘மிசிசிப்பிய பாத்தவனுக்கு நம்ம ஓடை எல்லாம் கழுவுற தொட்டி மாதிரி’ என்றார்களாம். சாவுச் சோற்றுக்கு வந்த ஒருவர் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, ‘டாய்லுக்கு எப்பவுமே கொஞ்சம் அவசரம்’ என்றார். நான் அவர் தட்டில் இன்னொரு துண்டு பன்றித் தொடை வைத்தேன்.

8. ஐயா, முதல் மனுவில் நான் எழுதாதது இதுதான். அவர் விசாரித்தார். பெட்ரோல் பங்க்கிலிருந்து எனக்குத் தொலைபேசி செய்தார். ‘நெல், பாதிரியார் நிக்கிறாரா, குளிக்கிறாரா?’ என்று கேட்டார். நான் அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கையில் வைத்தபடியே ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். எப்போதும் பார்ப்பது போலப் பார்த்தேன். தோள் தெரிந்தது. ‘தோள் தெரியுது, தைரியமா வா’ என்றேன். ‘சீக்கிரம் வா, சோள ரொட்டி ஆறிடும்’ என்றும் சொன்னேன். அவர், ‘நீ சொன்னா சரி’ என்று வைத்துவிட்டார். அது மேட்டின்மேல் நிற்கும் வேறு கல் என்பது என் நினைவுக்கே வரவில்லை. கூடவே நின்று காபி ஊற்றிக்கொடுத்த நானே மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது அவருடைய டிரக்கின் விளக்கு வெளிச்சம் எதிர்க்கரை இறக்கத்தில் தெரிந்தது. வாசலுக்கு ஓடினேன். கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

9. மறுநாள் வந்த துணை ஷெரிப் நல்ல பிள்ளை. தொப்பியைக் கழற்றிவிட்டு, ‘அவர் உங்ககிட்ட ஏதாவது பேசினாராம்மா?’ என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று எனக்கே தெரியாது. அவர் இல்லை என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து அந்தப் பொய் என் கணவர் தலைமேல் இருக்கிறது.

10. விழாவைத் தள்ளிவைத்து, பிறகு நடத்தினார்கள். முதல் வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள். திரையை விலக்கியபோது எஸ்ரா ஸ்ட்ரிக்லர் பெயர் நாலாவதாக இருந்தது. அதற்குக் கீழே, ‘கல் நன்கொடை: திருமதி நெல்டா ஸ்ட்ரிக்லர்’ என்று இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

11. அன்றுதான் கல் மாறியது ஊருக்குத் தெரிந்தது. மாற்றுக் கல்லை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். ‘இனிமே எல்லாருக்கும் தெரியுமே, ஒரு சாண் கழிச்சுப் பாத்துக்குவாங்க. பழைய கல்ல எடுத்தா எஸ்ரா பேரயும் சேத்துல்ல பேத்தெடுக்கணும்’ என்றார் மார்சீன். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. டாய்லை அடக்கம் செய்த பிறகு அவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் மகள் சொன்னாள். தங்கள் அலுவலகமும் அதையேதான் எழுதியிருக்கிறது: எல்லோருக்கும் தெரியும், ஆபத்தில்லை. ஐயா, எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். கல்லை நட்டபோது பக்கத்தில் நின்றவள் நான். தெரிந்தும் என் வாய் ‘வா’ என்றது. மழை வந்து, அடுப்பில் ஏதோ கொதித்து, யாரோ அவசரமாகக் கேட்கும்போது யாரும் ஒரு சாண் கழித்துப் பார்ப்பதில்லை. கண் பழகினபடிதான் பார்க்கும். மேற்குக் கரைப் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து தினமும் அதே பாலத்தில் போகிறது.

12. இப்போது மழை பிடித்தால் நான் சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு தரைப்பாலத்தில் போய் நிற்கிறேன். போன வாரம் ஹப் வண்டியை நிறுத்தி, ‘வீட்டுக்குப் போ நெல்டா. நனையாத. எங்களுக்கெல்லாம் தெரியும்’ என்றார். ‘எனக்கும்தான் தெரியும், ஹப்’ என்றேன். அவர் வண்டி எஞ்சினை அணைத்தார். பிறகு, ‘ஆணையர் ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். கால்வாய் வெட்டித் தண்ணிய திருப்பியாவது அதே பள்ளத்துல கொண்டுபோய் நட்டுடறேன்’ என்றார். பழைய கல் இப்போது மாவட்ட நினைவுச்சின்னமாகவும், மாற்றுக் கல் மாவட்டச் சாலை அடையாளமாகவும் பதிவாகிவிட்டதால், தங்கள் உத்தரவு இல்லாமல் இரண்டையும் தொட முடியாது.

ஆகையால் தங்களை நான் வேண்டிக்கொள்வது:

மாற்றுக் கல்லை இந்த வாரமே அகற்ற வேண்டும். பழைய கல் வரும்வரை அங்கே எந்தக் கல்லும் இல்லாமல் இருக்கட்டும். இல்லாத கல்லை யாரும் நம்ப மாட்டார்கள்.

பாதிரியார் கல்லை அது நின்ற பள்ளத்திலேயே திரும்ப நட வேண்டும். பலகையைப் பெயர்த்தால் எஸ்ராவின் பெயர் போய்விடும் என்றால், போகட்டும். அவர் பிள்ளைகளைக் காப்பாற்றியது அந்தக் கல் ஓடையில் இருந்ததால்தான். பலகையை வேறெங்காவது வைத்தாலும், அதில் நன்கொடை என்று என் பெயர் இருக்கக் கூடாது.

என் கணவரின் அறிக்கையில் ‘கவனக்குறைவாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘தன் மனைவியைக் கேட்டு, அவள் சொன்னபடி வந்தார்’ என்று எழுத வேண்டும். அதை ஊரில் யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சட்டப்படி என்மேல் ஏதாவது நடவடிக்கை உண்டென்றால், வீட்டிலேயே இருக்கிறேன்.

சமையலறை ஜன்னலைப் போர்வை போட்டு மூடியிருக்கிறேன். ஆனாலும் தூறல் சத்தம் கேட்டால் கை தானாகப் போர்வையை விலக்குகிறது. இன்று காலையிலும் பார்த்தேன். இவ்வளவும் எழுதத் துணிந்த பிறகும், முதலில் என் மனதில் வந்தது ‘தோள் தெரிகிறது’ என்பதுதான்.

அடுத்த பெருமழைக்கு முன் தங்கள் உத்தரவு வரும் என்று நம்பியிருக்கும்,

நெல்டா ஸ்ட்ரிக்லர்
(கையொப்பம்)

இடம்: க்ரெய்டன்
நாள்: 14 நவம்பர் 1988